கோலிக்குண்டு சார்

எனக்கு மாமனார் ஆவதற்கு முன்னால் அவர் எனக்கு அறிவியல் வாத்தியார். ஒன்பதாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் அவரிடம்தான் படித்தேன். பிறகு பல வருஷம் கழித்து அவருடைய மகனையே கட்டிக்கொண்டு சின்னமனூரில் அவர் வீட்டுக்கு வாழப் போனேன். இரண்டு உறவில் முதலாவதுதான் நாக்கில் ஒட்டியது. கடைசி வரைக்கும் ஒரு தடவைகூட அவரை 'மாமா' என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. 'சார்'தான்.

கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க அவர் உள்ளே வந்தார். நான் விருட்டென்று எழுந்து, கையில் வெங்காயத்தோடு, "குட் மார்னிங் சா...ர்" என்று இழுத்துவிட்டேன். வகுப்பு முழுக்கச் சேர்ந்து பாடுவோமே, அதே ராகம். அத்தை கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தார். அவர் சிரிக்கவில்லை. "உக்காருத்தா" என்றார், வகுப்பில் சொல்கிற மாதிரியே. தண்ணீரைக் குடித்துவிட்டு நிலைப்படி வரைக்கும் போனவர் திரும்பிப் பார்த்தார்.

"வீட்டுப்பாடம் எழுதிட்டியா?"

அப்படிப்பட்ட மனுஷர். சிரிக்காமல் சிரிக்க வைப்பார். அதில் எது விளையாட்டு, எது நிஜம் என்று கண்டுபிடிப்பதற்குள் அவர் அடுத்த தெருவில் இருப்பார்.

யார் எதைச் சொன்னாலும் அவரிடமிருந்து ஒரே கேள்விதான் வரும். "பாத்தியா, கேட்டியா?" பெரியவர்களாக இருந்தால் "பாத்தீகளா, கேட்டீகளா?" கேட்டேன் என்று சொன்னால், "அப்ப இன்னும் தெரியாதுன்னு சொல்லு" என்பார். பார்த்தேன் என்று சொன்னால் இன்னும் ஆபத்து. எங்கே பார்த்தாய், எவ்வளவு தூரத்தில் நின்றாய், வெயில் எந்தப் பக்கம் என்று தோண்டி எடுத்துவிடுவார். வகுப்பில் பொய் சொல்வதற்கு நாங்கள் பயந்ததைவிட, நிஜம் சொல்வதற்குத்தான் அதிகம் பயந்தோம்.

அவரிடம் முதலில் மாட்டியது நான்தான். காலாண்டுக்கு முன்னால் ஒரு சின்னப் பரீட்சை. காற்றுக்கு ஆற்றல் உண்டு என்பதற்கு எடுத்துக்காட்டுத் தருக என்று ஒரு கேள்வி. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று எழுதிவைத்தேன். விடைத்தாள் கொடுக்கிற அன்று என்னை எழுப்பி நிறுத்தினார்.

"பாத்தியா, கேட்டியா?"

"தமிழய்யா சொன்னாக சார்."

"தமிழய்யா பாத்தாகளா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நான் அழுவதற்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். அவர் ஜன்னல் பக்கம் போய் வெளியே எட்டிப் பார்த்தார். "ஆடிதானே நடக்குது. எதுக்கு வீணா சண்டை? நாளைக்கு ஒரு அம்மி கொண்டு வாங்க."

எங்கள் பக்கத்துக் காற்றைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இது வெறும் வேடிக்கையாகத் தோன்றும். கம்பம் பள்ளத்தாக்கில் ஆனி பிறந்தால் மேற்கு மலையிலிருந்து காற்று இறங்க ஆரம்பிக்கும். ஆடியில் அது ஆள் மாதிரி வந்து தள்ளும். வாழை சாய்ந்து கிடக்கும். பேருந்துக்கு நிற்கிற ஆண்கள் இரண்டு கையாலும் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், பேருந்து வந்தால் கை காட்ட முடியாது. அதனால் அம்மி பறக்கவே பறக்காது என்று எங்களில் ஒருவரும் அடித்துச் சொல்லத் தயாராக இல்லை.

மறுநாள் சத்துணவு ஆயாவிடம் கெஞ்சி அம்மியை வாங்கி, நாலு பையன்கள் தூக்கிக்கொண்டு வந்து மைதானத்தின் நடுவில் வைத்தார்கள். வகுப்பு மொத்தமும் சுற்றி உட்கார்ந்தது. கண்ணில் மண், வாயில் மண். அம்மி அசையவில்லை. அது அசைந்துவிடாதா என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன், அரை மதிப்பெண்ணுக்காக. அப்போது எங்களுக்குப் பின்னால் இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் சைக்கிள் ஷெட்டின் தகரக் கூரையில் ஒரு பாதி எழுந்து நிற்கிறது. நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கழன்று, மதில் சுவருக்கு மேலே போய், பக்கத்துத் திராட்சைத் தோட்டத்தில் இறங்கியது. நல்லவேளை, தோட்டத்தில் ஆள் இல்லை.

சார் தொண்டையைக் கனைத்தார்.

"எழுதிக்கோங்க. ஆடிக் காத்துல அம்மி பறக்கல. சைக்கிள் ஷெட்டு பறந்துச்சு."

தலைமை ஆசிரியர் ஓடிவந்தார். கோபத்தில் அவருக்கு என்ன பேசுகிறோம் என்றே தெரியவில்லை. "அந்த அம்மிய நீங்க அங்கன வைக்காம இருந்திருந்தா இது பறந்திருக்குமா சார்?" என்று கத்தினார். நம்ம சார் அதை ரொம்ப மரியாதையாக யோசித்தார். "நல்ல கேள்வி சார். ஆனா அத இன்னொரு ஷெட்டு கட்டித்தான் பாக்கணும்."

எனக்குக் கடைசி வரை அரை மதிப்பெண் கிடைக்கவில்லை.

கோலிக்குண்டு சார் என்ற பேர் அவருக்கு வந்தது ஒரு கிரகப்பிரவேசத்தில். இதை நான் பார்க்கவில்லை, அத்தை சொல்லிக் கேட்டதுதான். அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு கோலிக்குண்டு இருக்கும். வகுப்பில் உராய்வு, சரிவு, வேகம் எல்லாம் நடத்துவதற்கு. பள்ளிக்கூடத்தோடு அது நின்றிருந்தால் ஒன்றுமில்லை. யாராவது புது வீடு கட்டிக் கூப்பிட்டால் போவார், மொய் எழுதுவார், சாப்பிடுவார், பிறகு கூடத்தின் நடுவில் குத்தவைத்து அந்தக் குண்டைத் தரையில் வைப்பார். தரை மட்டமாக இருந்தால் குண்டு நிற்கும். பெரும்பாலும் நிற்காது.

போடியில் அத்தையின் அண்ணன் வீடு கட்டினார். ஏலக்காய் வியாபாரம் செய்து, சிறுகச் சிறுகச் சேர்த்துக் கட்டிய வீடு. தரையெல்லாம் பளபளக்கும் டைல்ஸ். பந்தி முடிந்து எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது கோலிக்குண்டு கூடத்தில் புறப்பட்டு, சாமி அறையைத் தாண்டி, திரும்பி, குளியலறைக் கதவில் போய் முட்டிக்கொண்டு நின்றது. குழந்தைகள் கைதட்டினார்கள். வீட்டுக்காரர் முகம் செத்துப்போயிற்று. கொத்தனாரும் அன்று விருந்துக்கு வந்திருந்தார். அவருக்கும் வீட்டுக்காரருக்கும் அங்கேயே வாய்த் தகராறு முற்றி, புது வேட்டி கிழிந்தது.

"நான் ஒண்ணும் சொல்லலியே. குண்டுதான் போச்சு" என்றாராம் இவர்.

அதற்குப் பிறகு அத்தையின் அண்ணன் சில வருஷம் இந்த வீட்டோடு பேசவில்லை. பொங்கலுக்குச் சீர் வரவில்லை. அத்தை பிறந்த வீட்டு வாசலை மிதிக்காமல் இருந்தார். "உண்மையத்தானே காட்டுனேன்" என்று இவர் முதலில் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தை ஒருநாள் சொன்னாராம்: "காட்டுனீக. இப்ப அங்கன போறதுக்கு வழியக் காட்டுங்க." பிறகு அண்ணனுக்கு உடம்புக்கு முடியாமல் போனபோதுதான் வழி திறந்தது. அன்றிலிருந்து எந்த விசேஷத்துக்குப் போனாலும் வாசலில் வைத்து அத்தை அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டுப் பார்ப்பார். எங்கள் கல்யாண மண்டபத்திலும் பார்த்தார். நானே என் கண்ணால் பார்த்தேன். குண்டு பையில் இல்லை, வேட்டி மடிப்பில் இருந்தது.

எங்கள் கல்யாணப் பேச்சிலும் அவர் கைவரிசை உண்டு. ஜாதகம் பொருந்தினால்தான் மேற்கொண்டு பேச்சு என்று என் அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். "பாத்துருவோம் சம்பந்தியம்மா" என்று நல்ல பிள்ளையாகச் சொல்லிவிட்டு, உத்தமபாளையத்தில் ஒரு ஜோசியரிடம் போனார். என் ஜாதகத்தையும் மகன் ஜாதகத்தையும் கொடுப்பதற்கு முன்னால், தன்னுடையதையும் அத்தையுடையதையும், இன்னார் என்று சொல்லாமல் நீட்டினார். ஜோசியர் கட்டங்களை அலசி, இந்த ரெண்டு பேரும் சேர்ந்தால் ரெண்டு வருஷம்கூடத் தாங்காது, தினமும் சண்டைதான், கட்டிவைத்துவிடாதீர்கள் என்று எச்சரித்தார். இவர் வெற்றி வீரராக வீட்டுக்கு வந்து எல்லோர் முன்னாலும் சொன்னார். முப்பது வருஷத்துக்கும் மேலாகக் குடித்தனம் நடத்துகிற ஜோடி. எல்லோரும் சிரித்தார்களாம்.

அத்தை கீரை ஆய்ந்துகொண்டே, "தெனமும் சண்டைன்னாரா? நல்லாத்தான பாத்திருக்காரு. அவரு விலாசம் என்ன?" என்று கேட்டாராம்.

கல்யாணம் அதே ஜோசியர் குறித்த முகூர்த்தத்தில்தான் நடந்தது. இது அத்தையின் வேலை.

என் மகள் வயிற்றில் இருந்தபோது சூரிய கிரகணம் வந்தது. மார்கழி மாதம், காலை நேரம். அதற்கு முந்தின நாளே என் அம்மா தர்ப்பைப் புல்லோடு வந்து இறங்கிவிட்டாள். வயிற்றுப் பிள்ளைக்காரி கிரகணத்தைப் பார்க்கக் கூடாது, வெளியே வரக் கூடாது, வெளிச்சம் படக் கூடாது. காய் நறுக்கக் கூடாது, அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. நான் சாரைப் பார்த்தேன். பெரிய சண்டை நடக்கும் என்று நினைத்தேன். சொல்லப்போனால் ஆசைப்பட்டேன். அவரோ, "சம்பந்தியம்மா சொன்னாச் சரி. கதவச் சாத்துங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். எனக்குப் பெரிய ஏமாற்றம். பத்தாம் வகுப்பில் கிரகணம் எப்படி வருகிறது என்று எலுமிச்சம்பழத்தையும் டார்ச் விளக்கையும் வைத்து நடத்திய மனுஷரா இவர்?

அறையில் நானும் அம்மாவும். கதவு சாத்தியிருந்தது, ஜன்னலும் சாத்தியிருந்தது. வெளியே வெயிலின் நிறம் மங்கிக்கொண்டு வந்தது, இடுக்கு வழியாகத் தெரிந்தது. திடீரென்று கிழக்கு ஜன்னல் ஒரு சாண் அகலத்துக்குத் திறந்தது. அந்த இடைவெளியை அடைத்துக்கொண்டு ஒரு பூந்திக் கரண்டி வந்து நின்றது.

அறை முழுக்கப் பிறைகள். சுவரில், கட்டில் காலில், தரையில், என் சேலையில். பூந்திக் கரண்டியின் ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் ஒவ்வொரு சூரியன் உள்ளே விழுந்திருந்தது, ஒவ்வொன்றையும் ஒரு பக்கம் யாரோ கடித்த மாதிரி. கரண்டி லேசாக ஆடினால் எல்லாப் பிறையும் சேர்ந்து ஆடின.

"ஆத்தாடி, வயித்துல படுது! வயித்துல படுது!" என்று அம்மா முந்தானையை இழுத்து என் வயிற்றை மூடினாள். இப்போது பிறைகள் அவள் முந்தானையில் இருந்தன.

வெளியிலிருந்து குரல் வந்தது. "சம்பந்தியம்மா, நான் ஒங்க மகள வெளிய கூப்புடல. கிரகணந்தான் உள்ள வந்திருச்சு."

"இது நல்லாவா இருக்கு அண்ணே?"

"அடுப்புப் பத்தவைக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீக? பத்தவைக்காமலே பூந்தி போட்டிருக்கேன்."

அம்மா திட்டத்தான் வாயெடுத்தாள். ஆனால் பிறைகள் மெலிந்துகொண்டே வந்தன. நகத்துண்டு மாதிரி ஆகி, பிறகு இரண்டு முனையும் ஒன்றையொன்று தொடப் போகிற மாதிரி வளைந்தன. அறையெல்லாம் சின்னச் சின்ன வளையல்கள். நான் எழுந்து சுவர்ப் பக்கம் போகப் பார்த்தபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்து நடத்தா. மிதிச்சிராத."

கை வலிக்கிற வரைக்கும் அவர் அந்தக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றார். தெருவில் போனவர்கள் என்ன நினைத்தார்களோ.

மகள் பிறந்ததும் அம்மா முதலில் உதட்டைப் பார்த்தாள், பிறகு காது, பிறகு விரல்களை எண்ணினாள். எல்லாம் சரியாக இருந்தது. திருப்பிப் போட்டபோது முதுகில் மிளகளவு ஒரு மச்சம். "பாத்தீகளா, கிரகணம் பட்டது" என்றாள் அம்மா. சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஒத்துக்கிறேன் சம்பந்தியம்மா. பூந்தி மாதிரிதான் இருக்கு."

பேத்தி வந்த பிறகு, ஓய்வு பெற்றிருந்த அவருக்கு மாணவர் பஞ்சம் தீர்ந்தது. ஆனால் அவளுக்கு எதையும் நடத்த மாட்டார். அவள் எதைக் கேட்டாலும், "தெரியலயே தாயி. பாப்பமா?" என்பார். இருவரும் சேர்ந்து பார்ப்பார்கள். எறும்புக்கு, சர்க்கரை நோய்க்காகத் தாத்தா போட்டுக்கொள்ளும் செயற்கைச் சீனி பிடிக்குமா, நிஜச் சீனி பிடிக்குமா என்று ஒருநாள் பார்த்தார்கள். எறும்பு எங்கே நிறைய வருமோ அங்கேதான் வைக்க வேண்டும் என்று பூஜை அறை வாசலைத் தேர்ந்தெடுத்தார்கள். எறும்புக்கு நிஜச் சீனிதான் பிடிக்கும் என்று தெரிந்தது. அதற்கு முருகன் படமும் பிடிக்கும் என்றும் தெரிந்தது. அத்தை விளக்குமாற்றோடு வந்து நின்றபோது, தாத்தா பேத்தியையும் பேத்தி தாத்தாவையும் கை காட்டினார்கள்.

இதற்கிடையில்தான் அவருக்கு இதயம் மெல்லத் தளர ஆரம்பித்தது. படி ஏறினால் மூச்சு வாங்கும். தேனியில் பார்க்கிற டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டி விளக்கியபோது, அவர் ஒரு நல்ல மாணவனைப் போல முன்னால் நகர்ந்து உட்கார்ந்து கேட்டார். வீட்டுக்கு வந்ததும் ஒரு காரியம் செய்தார். தான் செத்த பிறகு உடம்பை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். குடும்பத்தார் சம்மதம் வேண்டும் என்றார்கள். மகன் தயங்கித் தயங்கிக் கையெழுத்துப் போட்டார். அத்தை பேனாவைத் தொடவே இல்லை.

"ஒங்களக் கூறு போடுறதுக்கா நான் இத்தன வருசம் ஆக்கிப் போட்டேன்?"

"நீ ஆக்கிப் போட்டதெல்லாம் எங்கன போயிருக்குன்னு புள்ளைக பாக்கட்டுமேடி."

"வெளையாடாதீக."

"வெளையாட்டு என்ன? எம் படிப்புக்கு டாக்டர் சீட்டு கெடைக்கல. நீட்டு எழுதாம மெடிக்கல் காலேஜுல சேரப் போறேன். ஒனக்குப் பெருமையா இல்ல?"

அத்தை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார். அவர் எல்லாவற்றையும் சிரிப்பாக்கிவிடுவார் என்பதுதான் அத்தையின் கோபம். "சாவயும் வெளையாட்டாக்குனா, நான் எங்கன போயி அழுகுறது?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டார்.

மாசி மாதத்தில் ஒரு நாள் காலை. குளித்துவிட்டு வந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, வாசல் நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பேத்தி பள்ளிக்கூட வேனுக்காகப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். தாத்தா தூங்குறாக என்று என்னிடம் வந்து சொன்னாள். நான் போய்ப் பார்த்தேன். "சார்" என்று கூப்பிட்டேன். மறுபடியும் கூப்பிட்டேன். பிறகுதான் எனக்குப் புரிந்தது.

ஜெயமங்கலத்திலிருந்து அவருடைய தம்பி வந்தார். விவசாயி, அண்ணன் சொல்லைத் தட்டாதவர், ஆனால் இதில் மட்டும் அவரால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. வரும் வழியிலேயே சுடுகாட்டுக்கு விறகுக்குச் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார். கல்லூரிக்குப் போன் பண்ண வேண்டும் என்று என் கணவர் சொன்னதும் அவர் முற்றத்தில் நின்று கத்தினார்.

"அப்பனுக்குக் கொள்ளி வைக்க மாட்டியாலே? நாளைக்கு நான் எங்க ஊருல தல காட்ட வேணாமா?"

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் பேசினார்கள். பெரும்பாலும் விறகுப் பக்கம். கடைசியில் எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். காலையிலிருந்து அத்தை அழவில்லை. சாரின் தலைமாட்டில் உட்கார்ந்து ஈ விரட்டிக்கொண்டிருந்தார். அத்தை வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கல்லூரிக்காரர்கள் தொடக்கூட மாட்டார்கள். அது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"சொல்லுங்க மதினி. கட்ட வேகாட்டி அண்ணன் ஆவி அலையும்ல?" என்றார் தம்பி. குரல் உடைந்திருந்தது.

அத்தை நிமிர்ந்து பார்த்தார். "அலையட்டும் தம்பி. உசுரோட இருக்கயில மட்டும் வீட்டுலயா இருந்தாக? ஆவி அலைஞ்சா இங்கனதான வரும். வந்து நாலு வார்த்த பேசிட்டுப் போகட்டும்."

அழுதுகொண்டிருந்த பெண்களில் இரண்டு பேர் சட்டென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"எனக்கு அன்னைக்கும் இஷ்டமில்ல, இன்னைக்கும் இஷ்டமில்ல" என்றார் அத்தை. "ஆனா அது அவுக ஒடம்பு. ஏலே, போனப் போடு. நானும் கூட வருவேன்."

வீட்டில் செய்ய வேண்டிய எல்லாம் செய்தார்கள். தம்பிதான் முதலில் வாய்க்கரிசி போட்டார். கல்லூரி வண்டியில் ஏறி அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டவரும் அவர்தான், வேறு யாரையும் அங்கே உட்கார விடவில்லை. நாங்கள் பின்னால் காரில் போனோம். மகளை அம்மாவிடம் விட்டிருந்தோம்.

கல்லூரியில் எல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது. ஒரு டாக்டரம்மா கும்பிட்டு வாங்கிக்கொண்டார். தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போகிற ஊழியரின் பின்னாலேயே தம்பி கொஞ்ச தூரம் ஓடினார்.

"ஐயா, ஐஸ் பெட்டியிலயா வைப்பீக? அண்ணனுக்குக் குளுரு ஆகாது."

"பாத்துக்கிறோம்யா" என்றார் அந்த மனிதர்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றோம். அடுத்து என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. சுடுகாடு என்றால் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வதற்கு ஏதாவது இருக்கும். கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும், வாய்க்காலில் தலை முழுக வேண்டும், வீட்டு வாசலில் விளக்கைப் பார்க்க வேண்டும். இங்கே ஒன்றும் இல்லை. எதிரே வரிசையாகப் பையன்களின் பைக்குகள். திரும்பிப் பார்க்கலாமா கூடாதா என்றுகூடத் தெரியாமல் தம்பி கழுத்தை ஒருமாதிரி வைத்துக்கொண்டு நின்றார்.

"பசிக்குது" என்றார் அத்தை.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சாவு விழுந்த அன்று, வீட்டுக்காரி, ஓட்டலில்.

"காலையில இருந்து பச்சத் தண்ணி குடிக்கல. பசிக்குதுன்னா பசிக்குதுதான்."

தேனிக்குப் போகிற சாலையில் ஒரு ஓட்டலில் காரை நிறுத்தினார் என் கணவர். வடையும் காப்பியும் வந்தன. அத்தை ஒரு வாய் காப்பி குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் கையைப் பிடித்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"சிக்கரித் தண்ணி" என்றார். "இத ஒரு வாய் குடிச்சிருந்தா ஒங்க மாமா இந்த ஓட்டலயே ரெண்டாக்கிருப்பாக. கொட்டையா வாங்கி, வீட்டுல வறுத்து, கை மில்லுல அரைச்சாத்தான் காப்பின்னு ஒரே பிடிவாதம். எனக்குத் தோள்பட்ட வலி வந்துச்சு. சுத்த முடியல. சொன்னா, நானே அரைக்கிறேன்னு வந்து அடுப்படிய பள்ளிக்கூடமாக்கிருவாக. அதனால கடையில பாக்கெட்டு வாங்கி டப்பாவுல கொட்டிட்டேன்."

"எப்பத்தே?"

"அது ஆச்சு, இவன் பள்ளிக்கூடம் படிக்கையில இருந்து. ஞாயித்துக்கெழமையானா வெறும் மில்ல நாலு சுத்து சுத்துவேன். கூடத்துக்குச் சத்தம் கேக்கணும்ல? அவுக அங்கனயிருந்து, 'வாசன தூக்குதுடி'ம்பாக. பாக்கெட்டுக் காப்பியக் குடிச்சிட்டு, 'இதாண்டி காப்பி'ம்பாக. ஒலகத்துல எல்லாத்தயும் சோதிச்ச மனுசன், சாகுற வரைக்கும் எங் காப்பியக் கண்டுபிடிக்கல."

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். தம்பியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். என் கணவர் மட்டும் சிரிக்கவில்லை.

"அம்மா. அப்பாவுக்குத் தெரியும்."

"என்னது?"

"நான் பன்னெண்டாவது படிக்கிறப்ப. நீ கோயிலுக்குப் போயிருந்த. அப்பா என்னயக் கூப்புட்டு ஒரு டம்ளர் தண்ணியில அந்தத் தூளத் தூவிக் காமிச்சாக. நல்ல காப்பித்தூளு மெதக்கும், சிக்கரி சாயத்த விட்டுட்டு அடியில எறங்கும்னு சொன்னாக. எறங்குச்சு."

அத்தையின் சிரிப்பு அப்படியே நின்றது.

"சிரிச்சாக. 'வெறும் மில்லு சத்தம் எனக்குத் தெரியாதாடா? தோளு வலிக்குது போல, சொல்ல மாட்டேங்குறா. நீயும் சொல்லிராத. பாவம், கஷ்டப்பட்டு ஏமாத்துறா'ன்னாக."

தம்பி வடையைப் பிட்டபடியே வைத்திருந்தார். அத்தை டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப, வாசன தூக்குதுன்னது?"

"அதுவுந்தாம்மா."

"ஒவ்வொரு ஞாயித்துக்கெழமயுமா?"

என் கணவர் தலையாட்டினார்.

"திருட்டு வாத்தி!" என்றார் அத்தை. மேசையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். காப்பி தளும்பியது. "தெரிஞ்சுக்கிட்டே இத்தன வருசம் என்னய வெறும் மில்ல சுத்த வச்சிருக்காரு பாரு, அந்த மனுசன்! போதும் நிறுத்துடின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா எந் தோளாவது நல்லாயிருக்கும்ல?"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாய் கோணியது. காலையிலிருந்து அழாதவர் அப்போதுதான் அழுதார். மேசை துடைக்க வந்த பையன் துணியோடு அப்படியே நின்றுவிட்டான். அத்தை யாரையும் சட்டை செய்யவில்லை. அழுதுகொண்டே வடையைத் தின்று முடித்தார். காப்பியையும் சொட்டு விடாமல் குடித்தார்.